ஏற்காடு ஏறி இறங்கும் 200 கி.மீ. பிரெவே: 34-28 கியர் போதுமா, முட்டி தாங்குமா?

அடிவாரத்தான்:

வணக்கம் நண்பர்களே. சமவெளியில் 200 கி.மீ. பிஆர்எம் (பிரெவே, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) நேரத்துக்குள் முடித்திருக்கிறேன், அதில் பெரிய சிரமம் இல்லை. அடுத்து பெயர் கொடுத்திருக்கும் 200-இல் நடுவில் ஏற்காடு வருகிறது. 78-வது கி.மீ. வாக்கில் அடிவாரம், அங்கிருந்து ஏறி 100-வது கி.மீ.யில் மேலே கன்ட்ரோல் (நேரத்துக்குள் போய் கார்டில் முத்திரை வாங்கும் இடம்), அப்புறம் அதே வழியில் இறங்கி மறுபடி ஹைவே.

எனக்கு வயது 41, எடை 70 கிலோ. சைக்கிள் ஆரம்ப நிலை ரோடு பைக், பாட்டில் பை எல்லாம் சேர்த்து 12 கிலோ. முன்னால் 50, 34 பல் சக்கரங்கள், பின்னால் 11 முதல் 28 பல் வரை எட்டு சக்கரங்கள் (8 ஸ்பீட்). ரிம் பிரேக், அதாவது சக்கர விளிம்பைப் பிடிப்பது.

பழகிப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிறு அதிகாலை கோரிமேடு தாண்டி ஏற ஆரம்பித்தேன். முதல் நாலைந்து கொண்டை ஊசி வளைவு வரை நன்றாகத்தான் போனது, பிறகு முட்டியின் முன்பக்கம் வலி. கடைசி கியரிலும் மிதி நகரவில்லை, எழுந்து நின்று மிதித்தால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தால் முட்டி வலிக்கிறது. வளைவுக்கு வளைவு நின்று நின்று ஏரிக்கரை போய்ச் சேர்ந்தேன், ஆனால் அதற்கு மேல் 100 கி.மீ. ஓட்டச் சொன்னால் காலில் ஒன்றும் மிச்சமில்லை.

கடையில் கேட்டால் இந்த வண்டி மலைக்கு ஆகாது, கார்பன் பைக் எடுங்கள் என்கிறார்கள். அவ்வளவு பணம் இப்போது இல்லை. கியரை மட்டும் மாற்றினால் போதுமா, இல்லை கால்தான் பலம் பெற வேண்டுமா? 13 மணி 30 நிமிடத்துக்குள் முடியுமா என்பதே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

சங்கிலிக்காரன்:

பைக் மாற்றாதீர்கள். முதலில் கேசட்டை (பின்சக்கரத்தின் பல் அடுக்கை) மாற்றுங்கள்.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன், அப்போதுதான் கடைக்காரரிடம் தைரியமாகப் பேச முடியும். ஏற்காடு சாலை அடிவாரத்திலிருந்து 20 கி.மீ. சொச்சம், ஏறும் உயரம் சுமார் 1,000 மீட்டர். சராசரி 5 சதவீதம் என்று வையுங்கள், இடையிடையே 7, 8 தொடும். நீங்களும் வண்டியும் சேர்ந்து 82 கிலோ. 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் போக ஏறக்குறைய 100 வாட் போதும். நீங்கள் சமவெளியில் 200 முடித்தவர், 100 வாட் உங்களுக்குப் புதிதில்லை. அதாவது எஞ்சின் சரியாகத்தான் இருக்கிறது, கியர்தான் சரியில்லை.

எப்படி என்றால், உங்கள் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். முன்னால் 34, பின்னால் 28 போட்டால் மிதியை ஒரு சுற்று சுற்றினால் வண்டி 2.55 மீட்டர் நகரும். 7 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு 46 சுற்று. சமவெளியில் நீங்கள் 80, 85 சுற்றியிருப்பீர்கள். அதே வாட்டைப் பாதிச் சுற்றில் கொடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு மிதிக்கும் ஏறக்குறைய இரட்டை அழுத்தம். முட்டிச் சில்லு வலிக்காமல் என்ன செய்யும்?

பின்னால் 34 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர், அதே 7 கி.மீ.க்கு 56 சுற்று. பத்து சுற்றுதானே என்று நினைக்காதீர்கள், ஒவ்வொரு மிதியிலும் அழுத்தம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது, அதுவும் இரண்டே முக்கால் மணி நேரம் தொடர்ந்து. 8 ஸ்பீடில் 11-34 கேசட் கிடைக்கிறது, விலையும் கார்பன் பைக் பக்கமே வராது. ஒன்றே ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள், பின் டிரெய்லியரின் (சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததுக்கு நகர்த்தும் கருவி) கூண்டு குட்டையாக இருந்தால் 34 பல்லை ஏற்காது. அப்படியென்றால் நீளக் கூண்டு டிரெய்லியரும் சேர்த்து மாற்ற வேண்டும். சங்கிலியும் புதிது போடுங்கள், பழைய சங்கிலி நீளம் போதாது.

எடை குறைந்த பைக் எடுத்தால் என்ன லாபம் என்று கேட்டால், 12 கிலோ 9 ஆனது என்றே வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 82 என்பது 79 ஆகும். நாலு சதவீதம்கூட இல்லை. இரண்டே முக்கால் மணி நேர ஏற்றத்தில் ஆறேழு நிமிடம் மிச்சம். அதற்கு லட்ச ரூபாயா?

நாமக்கல் மிதி:

சங்கிலிக்காரன் சொல்வதில் பாதி சரி. கேசட் மாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேசட் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிப் போய் பதினோராவது வளைவில் உட்கார்ந்திருப்பவர்களை எங்கள் கொல்லிமலைப் பக்கம் வாரந்தோறும் பார்க்கலாம். காரவள்ளியிலிருந்து மேலே 70 வளைவு, ஒவ்வொன்றுக்கும் பலகையில் எண் போட்டிருக்கும், அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்தே பாதிப் பேர் சோர்ந்து போகிறார்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது ஒரே வரி, "முதல் நாலைந்து வளைவு வரை நன்றாகத்தான் போனது". அங்கேதான் சிக்கல். நன்றாகப் போகிறது என்றால் வேகமாகப் போகிறீர்கள். மலை ஏற்றத்தில் முதல் அரை மணி நேரம் "என்ன இவ்வளவு மெதுவாகப் போகிறோம்" என்று எரிச்சல் வர வேண்டும். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சு அறுபடாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் குறைத்துக்கொள்ளுங்கள். வாட் மீட்டர் எல்லாம் வேண்டாம்.

சீட் உயரத்தையும் பாருங்கள். முட்டியின் முன்பக்கம் வலி என்றால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கும். குதிகாலை மிதியின் மேல் வைத்து மிதி அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அது சரியாக இருந்தால் பாதத்தின் முன்பகுதியை வைக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும், அதுதான் வேண்டியது. பின்பக்கம் வலித்தால் நேர் எதிர், சீட்டைக் கொஞ்சம் இறக்க வேண்டும்.

வளைவு எடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. நாம் இடது பக்கம் போகிறவர்கள். வலது பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளிவட்டம், சரிவு குறைவு, அங்கே கால் கொஞ்சம் இளைப்பாறலாம். இடது பக்கம் திரும்பும் வளைவில் உள்விளிம்போடு ஒட்டிப் போனால் சுவர் மாதிரி நிற்கும். பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துவிட்டுக் கொஞ்சம் வெளியே எடுத்துத் திரும்புங்கள். மேலிருந்து பஸ் வரும் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள், பஸ்ஸுக்கு முழு வளைவும் தேவைப்படும், நமக்கு அங்கே இடம் கிடையாது.

நேரக் கணக்கு: ஏற 22 கி.மீ. மணிக்கு 8 என்றால் 2 மணி 45 நிமிடம். இறங்க 45 நிமிடம். மீதி 156 கி.மீ.க்கு உங்களிடம் 10 மணி நேரம் இருக்கிறது. 21 கி.மீ. வேகத்தில் ஓட்டினாலே ஏழரை மணி நேரத்தில் முடிந்துவிடும், இரண்டரை மணி நேரம் டீ குடிக்கலாம். மலை யாருடைய நேரத்தையும் தின்பதில்லை, டீக்கடைதான் தின்கிறது.

மிளகுக்கொடி:

நாமக்கல் அண்ணா, மொத்தக் கணக்கு சரிதான், ஆனால் மேலே இருக்கும் கன்ட்ரோலை விட்டுவிட்டீர்கள். 100-வது கி.மீ.யில் கன்ட்ரோல் என்றால் மணிக்கு 15 கி.மீ. கணக்குப்படி அது 6 மணி 40 நிமிடத்தில் மூடிவிடும். அடிவாரம் வரை 78 கி.மீ. 22 வேகத்தில் 3 மணி 33 நிமிடம், ஏற்றம் 2.45, கூட்டினால் 6.18. கையில் மிச்சம் 22 நிமிடம்தான், அதற்குள்தான் பஞ்சர், இட்லி, கழிப்பறை எல்லாம்! இறக்கத்தில் நேரம் திரும்பக் கிடைக்கும் என்பது உண்மை, ஆனால் அது கார்டில் மேலே முத்திரை விழுந்த பிறகுதான் பயன்படும்.

அதனால் அடிவாரத்தான், உங்களுக்கு உண்மையான கெடு 13.30 இல்லை, 6.40. மலைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடும் நிறுத்தம் வேண்டவே வேண்டாம். பாட்டில் நிரப்ப ஐந்து நிமிடம், அவ்வளவுதான். அதற்காக ஹைவேயில் 28-இல் பறக்கவும் வேண்டாம், அந்தக் கால் அடிவாரத்தில் தேவைப்படும். நாலைந்து பேர் சேர்ந்து முறை வைத்து முன்னால் போனால் காற்று மிச்சம், அதே உழைப்பில் 24 வரும். சாவகாசமான சாப்பாடு, டீ, அரட்டை எல்லாம் இறங்கிய பிறகு.

சாப்பாட்டை யாரும் சொல்லவில்லையே. 82 கிலோவை 1,000 மீட்டர் தூக்க சுமார் 800 கிலோஜூல். நம் உடம்பு சாப்பிட்டதில் கால் பங்கைத்தான் மிதிக்குக் கொடுக்கும், மீதி சூடாகப் போய்விடும், ஆக அந்த ஒரு ஏற்றத்துக்கே 800 கலோரிக்குச் சாப்பிட வேண்டும். உடம்பில் சேமித்திருக்கும் மாவுச்சத்து 400, 500 கிராம்தான், அதில் ஒரு பகுதி 78 கி.மீ.யிலேயே கரைந்திருக்கும். எனவே மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும், பசி வந்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம் வாக்கில் இருக்கும். பேரீச்சை நல்லது. கடலை மிட்டாய் சமவெளியில் சரி, ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது மென்று விழுங்க முடியாது, தொண்டையில் நிற்கும். நான் பாட்டிலிலேயே சர்க்கரையும் எலுமிச்சையும் உப்பும் கலந்துகொள்வேன்.

உப்பு முக்கியம். சேலத்து வெயிலில் அடிவாரம் சேரும்போதே சட்டையில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும், தலைவலி, குமட்டல் என்று ஆரம்பித்து மோசமாகப் போகலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பாக்கெட் ஒரு லிட்டருக்கு ஒன்று, அளவைக் குறைக்காமல் கலக்குங்கள். சாப்பாட்டுப் பையை வண்டியில் திறந்து வைத்துவிட்டு வியூ பாயிண்ட் பார்க்கப் போகாதீர்கள், குரங்குகள் ஜிப் திறக்கக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

பெண்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை: கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க்கை மட்டும் நம்பாதீர்கள், பாதைப் படம் கையில் கிடைத்ததுமே எங்கே நிற்கலாம் என்று குறித்துவையுங்கள். அந்தத் தயக்கத்தில் தண்ணீர் குடிக்காமல் ஓட்டி மலையில் விழுவதுதான் நம்மில் அதிகம்.

அடிவாரத்தான்:

மிக்க நன்றி. மிளகுக்கொடி அக்கா சொன்ன 6.40 கணக்கைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது, ஆனால் இப்போதே தெரிந்தது நல்லது. சீட்டை அளந்து பார்த்தேன், குதிகால் வைத்தாலே முட்டி மடங்குகிறது, கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. டிரெய்லியர் கூண்டு நீளமானதுதான் என்று ஒரு மெக்கானிக் பார்த்துச் சொன்னார், அதனால் கேசட்டும் சங்கிலியும் மட்டும்.

இறக்கத்தைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். அன்றைக்கு இறங்கும்போது விரல்கள் மரத்துப்போய்விட்டன, பிரேக்கை விடவே பயமாக இருந்தது. பாதி வழியில் ரிம்மைத் தொட்டால் சுடுகிறது.

பழைய பிரேக்:

தம்பி, ஏறுவதில் கெட்டுப்போனவர்களைவிட இறங்குவதில் கெட்டுப்போனவர்கள் அதிகம், அதனால் கேட்டது நல்லது.

மேலே 800 கிலோஜூல் போட்டு ஏறினீர்களே, இறங்கும்போது அத்தனையும் எங்காவது வெளியே போயாக வேண்டும். ஒரு பங்கு காற்றுக்கு, மீதி உங்கள் ரிம்முக்கு. பயந்து பயந்து பிரேக்கை விடாமல் அமுக்கிக்கொண்டே மெதுவாக இறங்கினால் காற்று வாங்கிக்கொள்ளும் பங்கு குறைந்துபோகிறது, ஏறக்குறைய மொத்தமும் ரிம் தலையில். ட்யூப் சூட்டில் வெடிப்பது இப்படித்தான். பிடித்துக்கொண்டே வராமல், நேர் சாலையில் கொஞ்சம் விட்டு, வளைவுக்கு நன்கு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் போகும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள். வளைவுக்கு நடுவில் முன்பிரேக் அமுக்குவது, அதுவும் மண் கிடக்கும் இடத்தில், நேராக மருத்துவமனைக்குப் போகிற வழி. நேர் சாலையில் பிடிக்க வேண்டியிருந்தால் முன், பின் என்று மாற்றி மாற்றிப் பிடியுங்கள், ஒன்று ஆறும். ரொம்பச் சுட்டால் வியூ பாயிண்டில் நின்று ஐந்து நிமிடம் ஆற விடுங்கள், உங்களுக்கு அப்போது அந்த ஐந்து நிமிடம் இருக்கும்.

கையை ஹேண்டிலின் கீழ் வளைவில் வைத்து இறங்குங்கள். மேலே ஹூட்டில் (லீவரின் மேலுள்ள ரப்பர் பிடியில்) வைத்துப் பிடித்தால் லீவரின் மேல்நுனிதான் விரலுக்குக் கிடைக்கும், இரண்டு மடங்கு பலம் கொடுக்க வேண்டும், விரல் மரக்காமல் என்ன செய்யும். லீவர் எட்டவில்லை என்றால் அதை ஹேண்டிலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்படி சரிசெய்யச் சொல்லுங்கள். பிரேக் ஷூவில் கோடு தேய்ந்து மறைந்திருந்தால் போகுமுன்பே புதிது மாற்றுங்கள், பழைய ரப்பரில் அலுமினியத் துகள் பதிந்திருந்தால் ரிம்மை அரம்போல் அறுக்கும்.

குளிரையும் மறக்காதீர்கள். 1,000 மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும், வேர்வையில் நனைந்த சட்டையோடு 40 வேகத்தில் இறங்கினால் உடம்பு நடுங்கும், நடுங்கும் கையால் பிரேக் பிடிக்க முடியாது. காற்று புகாத மெல்லிய ஜாக்கெட் ஒன்று போதும். அதுவும் இல்லையென்றால் டீக்கடையில் ஒரு பழைய தினத்தாள் வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சில் செருகிக்கொள்ளுங்கள், ஐரோப்பியப் பந்தய வீரர்களே அந்தக் காலத்தில் அதைத்தான் செய்தார்கள்.

அதிகாலையோ அந்தியோ என்றால் காட்டெருமை குறுக்கே நிற்கலாம். பெல் அடிக்காதீர்கள், தூரத்திலேயே நின்று அது போகும்வரை காத்திருங்கள்.

ரெண்டு சக்கரம் 27:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும் அண்ணா. எனக்கு பிரான்சில் நடக்கும் 1,200 கி.மீ. பிரெவேயான பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸுக்கு 2027-இல் போக ஆசை. ஏற்காடு, கொல்லிமலை, நீலகிரியில் கல்லட்டி என்று ஏறிக்கொண்டே இருந்தால் அதற்குப் போதுமா? அங்கே 11,000 மீட்டருக்கு மேல் ஏற்றம் என்கிறார்களே.

நாமக்கல் மிதி:

தம்பி, அங்கே ஒரு பெரிய மலைகூடக் கிடையாது. பாதையிலேயே மிக உயரமான இடம் 400 மீட்டருக்குள்தான். 1,200 கி.மீ. முழுக்கச் சின்னச் சின்ன மேடு, இறங்கினால் அடுத்தது, அதை இறங்கினால் அடுத்தது, 90 மணி நேரமும் இதுதான். நம் மலைகளில் ஒரே மூச்சில் ஒரே வேகத்தில் ஏறிப் பழகிய கால் அங்கே வேறு விதமாகச் சோர்ந்துபோகும். பாலக்கோடு, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மேடு பள்ளமான சாலைகளில் இரவு ஓட்டிப் பழகுங்கள், அது கல்லட்டியைவிட உங்களுக்கு உதவும். முதலில் அதே ஆண்டில் 200, 300, 400, 600 நாலும் முடித்துத் தகுதி பெற வேண்டும். 400-இலும் 600-இலும் ஆளைத் தள்ளுவது தூக்கம்தான், ஏற்றம் இல்லை.

கல்லட்டி வேறு ரகம். மாவனல்லாவிலிருந்து தலைக்குந்தாவுக்குள் 36 வளைவு, ஏற்காட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு செங்குத்து. அதற்கு வண்டியின் முன்பக்கம் 30 பல் செயின்ரிங் (மிதியோடு சுற்றும் பல்சக்கரம்) இருந்தால்தான் நல்லது. புலிகள் காப்பகம் வழி, இரவில் போகக் கூடாது, பகலிலும் தனியாகப் போகாதீர்கள். அடிவாரத்தான், உங்களுக்கும் இது இப்போதைக்கு வேண்டாம்.

சங்கிலிக்காரன்:

சீட்டை ஒரே நாளில் இரண்டு சென்டிமீட்டர் ஏற்றிவிடாதீர்கள், அரை சென்டிமீட்டராக ஏற்றி நாலைந்து நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஏற்றுங்கள், இல்லாவிட்டால் முன்பக்க வலி போய்ப் பின்பக்க வலி வரும்.

சங்கிலி நீளம்: புதிய சங்கிலியை டிரெய்லியர் வழியே விடாமல், முன்னால் பெரிய 50, பின்னால் பெரிய 34, இரண்டையும் சுற்றி நேராகப் பிடித்துப் பாருங்கள், முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூடுதலாக விட்டு வெட்டச் சொல்லுங்கள். குட்டையாக வெட்டினால் தவறிப்போய் பெரிது-பெரிது போட்ட நொடியில் டிரெய்லியர் பிய்த்துக்கொண்டு வரும். 34-இல் போடும்போது டிரெய்லியரின் மேல் சின்னச் சக்கரம் பல்லில் உரசினால் டிரெய்லியரின் பின்னால் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை உள்ளே முறுக்கினால் விலகும். எல்லாம் முடிந்ததும் பிரெவேக்கு முந்தின நாள் இல்லை, இரண்டு வாரம் முன்னாலேயே ஒருமுறை பத்தாவது வளைவு வரையாவது ஏறிப் பாருங்கள், கியர் குதித்தால் அப்போதுதான் தெரியும்.